விருந்தும் கூலியும்: கீழ்ப்பழனி மலைத் தோட்டம் ஒன்றில் வெளிநாட்டுத் தன்னார்வலர்கள்

2016 நவம்பரிலிருந்து எங்கள் தோட்டத்தில் வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் வந்து தங்கி, வேலையில் கைகொடுத்து வருகிறார்கள். இதுவரை 31 பேர். இரண்டாம் நாளே மூட்டை கட்டியவர் உண்டு. போய்ப் பல வருஷமாகியும் பொங்கலுக்குப் பொங்கல் அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறவரும் உண்டு. மலையில் நிலம் வைத்திருக்கும் நண்பர்கள் இதைப் பற்றி விசாரிக்கும்போது முதலில் கேட்பது, "கூலி மிச்சமாகுதா?" என்பதைத்தான். நானும் அந்தக் கேள்வியோடுதான் ஆரம்பித்தேன். அதை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் எங்கள் வீட்டுப் பெண்களையும், எங்களிடம் வேலை செய்யும் பெண்களையும், வந்த விருந்தாளிகளையும் கஷ்டப்படுத்தினேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். யாருடைய பெயரையும் சொல்லவில்லை.

தோட்டமும் வீடும்

வத்தலகுண்டில் பஸ் ஏறினால் பட்டிவீரன்பட்டி, சித்தரேவு தாண்டி மலை ஏறும். தாண்டிக்குடியில் இறங்கி இன்னும் 8 கிலோமீட்டர் வரவேண்டும். அதில் கடைசி 3 கிலோமீட்டர் ஜீப் மட்டும் போகிற மண் பாதை. மழைக்காலத்தில் ஜீப்பும் யோசிக்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரம். 6 ஏக்கர். சில்வர் ஓக் நிழலில் அரபிகா காபி, அந்த மரங்களிலேயே மிளகுக் கொடி, இடையிடையே கமலா ஆரஞ்சு, பட்டர் ஃபுரூட், ஒரு பந்தல் சவ்சவ், பள்ளத்தில் விருப்பாட்சி வாழை. இரண்டு மாடு. வீட்டில் நான், மனைவி, அம்மா. மகள் திண்டுக்கல்லில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள்.

செல்போனில் சிக்னல் வேண்டுமென்றால் வீட்டுக்குப் பின்னால் உள்ள பாறை மேட்டுக்கு ஏற வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அதற்கும் போகக்கூடாது, காட்டெருமை இறங்கும் நேரம்.

காபிப் பழம் எடுக்க ஒவ்வொரு வருஷமும் பக்கத்து ஊரிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் வருவார்கள். அப்பா காலத்தில் இருபது பேர் வந்த வேலை அது. இளவட்டங்கள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். வருகிறவர்களில் மூத்த அக்காவுக்கு அப்போதே ஐம்பது தாண்டியிருந்தது. ஆள் பற்றாக்குறைதான் எங்களுக்கு இருந்த பெரிய தலைவலி என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டவரைக் கூப்பிடலாம் என்ற யோசனை அந்த இடத்திலிருந்துதான் வந்தது. எதற்காகக் கூப்பிட்டோமோ அதுவே பின்னால் நடந்த எல்லாவற்றையும் தீர்மானித்தது.

எழுதிப்போட்ட ஒரு வரி

கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பிதான், தன்னார்வலர்களையும் தோட்டக்காரர்களையும் சேர்த்து வைக்கும் இணையதளங்களைக் காட்டினான். இந்த ஏற்பாடு 1971-ல் இங்கிலாந்தில் தொடங்கியது. லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ காப்பர்ட் என்ற பெண்ணுக்கு வார இறுதியில் கிராமத்துக்குப் போக வேண்டும் என்று ஆசை, ஆனால் அங்கே தெரிந்தவர் யாரும் இல்லை. சஸ்ஸெக்ஸில் எமர்சன் கல்லூரியின் பண்ணையில் பேசி, நான்கு பேராக ஒரு வார இறுதிக்குப் போய் வேலை செய்துவிட்டு வந்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் வூஃப் (WWOOF) என்று இன்று பல நாடுகளில் இயங்கும் அமைப்பு. அந்தப் பெயர்ச் சுருக்கத்துக்குள் முதலில் 'வேலை' இருந்தது, பிறகு 'வேலையாட்கள்' என்று ஆனது. குடியேற்ற அதிகாரிகள் அந்தச் சொல்லைப் பார்த்து, இவர்கள் பிழைக்க வந்த தொழிலாளிகள் என்று நினைத்ததால், கடைசியில் வேலை என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'வாய்ப்புகள்' என்று மாற்றினார்கள். இந்தக் கதையை அப்போதே படித்தேன். ஆனால் அதில் எங்களுக்கும் ஒரு எச்சரிக்கை இருப்பது அன்று உறைக்கவில்லை.

இந்தத் தளங்களில் பொதுவான வழக்கம் நாளுக்கு நாலைந்து மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள். தம்பியும் நானும் சேர்ந்து எங்கள் பக்கத்தில் இப்படி எழுதினோம்: "நாளுக்கு 5 மணி நேர வேலைக்குப் பதிலாக மூன்று வேளை உணவும் தனி அறையும்." இந்த 'பதிலாக'தான் சிக்கலின் வேர்.

முதல் அறுவடை

முதலில் பிரான்ஸிலிருந்து ஒரு தம்பதி, அப்புறம் ஜெர்மனியிலிருந்து பத்தொன்பது வயதுப் பையன். மூவருக்கும் இடுப்பில் கூடையைக் கட்டிக் காபிக்குள் இறக்கிவிட்டேன்.

பழம் எடுப்பது பார்ப்பதற்குச் சுலபம். சிவந்த பழத்தை மட்டும், காம்பு செடியிலேயே நிற்கும்படி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் லேசாகத் திருகி எடுக்க வேண்டும். பிடித்து இழுத்தால் கணுவோடு பிய்ந்து வரும், அந்த இடத்தில் மறுபடி பூ வராது. பச்சைக்காய் கலந்தால் தோல் உரிக்கும் இயந்திரமான பல்பரில் சரியாக உரியாது, காபியின் ருசி கெடும், வியாபாரி விலையைக் குறைப்பார். சரிவில் ஈரத்தில் நிற்கவேண்டும், காலில் அட்டை ஏறிக்கொண்டே இருக்கும். மூத்த அக்கா ஒரு நாளில் 45 கிலோ எடுப்பார். பையன் ஐந்து மணி நேரத்தில் 9 கிலோ எடுத்தான். அதில் பாதிக்குப் பாதி பச்சை. ஐந்தாறு கிலோ பழம் சேர்ந்தால்தான் ஒரு கிலோ காபிக்கொட்டை என்பதால், அவனுடைய ஒரு நாள் உழைப்பு ஒன்றரைக் கிலோ கொட்டை.

அவன் சோம்பேறி இல்லை. கை வெடித்து ரத்தம் வந்ததைக்கூட யாரிடமும் சொல்லாமல் எடுத்துக்கொண்டிருந்தான். நான்தான் மத்தியானம் அவன் தட்டைப் பார்த்துவிட்டுக் கூடையைப் பார்க்கிறவனாக மாறிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்த ஒருவர் எவ்வளவு சாப்பிடுகிறார் என்று என் அப்பா ஒருநாளும் பார்த்ததில்லை. "பதிலாக" என்று எழுதியதால் என் கண் அங்கே போனது என்பதை இப்போது நிச்சயமாகச் சொல்வேன். எவ்வளவு கொடுத்தேன், எவ்வளவு வந்தது என்ற கணக்கில் ஒருவரை நிறுத்தினால் அவரை மனுஷராகப் பார்ப்பது கஷ்டம்.

அந்த வாரம் இன்னொன்றும் நடந்தது. மூன்றாம் நாள் ஒரு போலீஸ்காரர் பைக்கில் வந்தார். வெளிநாட்டவர் தங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டதாகச் சொல்லி, சி படிவம் போட்டாச்சா என்று மரியாதையாகத்தான் கேட்டார். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வெளிநாட்டவரைத் தங்க வைக்கிற யாரும், ஹோட்டலோ வீடோ, அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் பாஸ்போர்ட், விசா விவரங்களை இணையத்தில் பதிய வேண்டும். பெரும்பாலான மாவட்டங்களில் காவல் கண்காணிப்பாளரே வெளிநாட்டவர் பதிவு அதிகாரி. காசு வாங்குகிறோமா இல்லையா என்பதெல்லாம் பேச்சே இல்லை. சொந்தக்காரரின் வெளிநாட்டு நண்பர் ஒரு ராத்திரி தங்கினாலும் கடமை நம்முடையது. அப்போது 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம் நடப்பில் இருந்தது. 2025 செப்டம்பர் 1 முதல் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்திருக்கிறது. சட்டம் மாறினாலும் தகவல் கொடுக்கும் பொறுப்பு மாறவில்லை. அன்றைக்கு அந்த போலீஸ்காரர் எங்களைக் கண்டித்து, மறுநாள் பதியச் சொல்லிவிட்டுப் போனார். பாறை மேட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு, விட்டு விட்டு வரும் சிக்னலில் மூன்று பேருடைய படங்களையும் ஏற்றி முடிக்க ஒரு காலைப் பொழுது ஆனது.

அடுப்படியில் இருந்த நோட்டு

இரண்டாம் வருஷம் என் மனைவி ஒரு நாற்பது பக்க நோட்டில் குறிப்பு எழுத ஆரம்பித்தார். எனக்குக் காட்டுவதற்காக எழுதவில்லை. ஏன் இவ்வளவு அசதியாக இருக்கிறது என்று அவருக்கே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. குடிதண்ணீர் கொதிக்க வைத்து ஆற வைப்பது, காரமில்லாத சாம்பாரைத் தனியாக எடுத்து வைப்பது, ஏழு மணிக்கு எங்களுக்கு ஒரு சாப்பாடும் ஒன்பது மணிக்கு அவர்களுக்கு இன்னொன்றும், அறை, போர்வை, குளிக்கச் சுடுதண்ணீர், வயிற்றுப்போக்கு வந்தால் கஞ்சி. இரண்டு பேர் தங்கினால் ஒரு நாளைக்கு நாலரை மணி நேரம் அவருக்குக் கூடுதல் வேலை. அவர்கள் இருவரும் சேர்ந்து தோட்டத்தில் செய்வது பத்து மணி நேரம், அதுவும் பழகாத கை.

"தோட்டத்துல அவங்க செய்யுறதுல பாதிய நான் இங்க செஞ்சுட்டு இருக்கேங்க. அது உங்க கணக்குல எங்க இருக்கு?" என்று கேட்டார். என் கணக்கில் அது இல்லை. தோட்டக் கணக்கை நான் எழுதுகிறேன், வீட்டுக் கணக்கை யாரும் எழுதுவதில்லை. விருந்தோம்பல் என்று நாம் பெருமையாகச் சொல்வதன் பாரம் யார் தோளில் இருக்கிறது என்று அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தன்னார்வலரை அழைக்க நினைக்கும் ஒவ்வொரு குடும்பமும் அடுப்படியில் நிற்பவரிடம் முதலில் கேட்க வேண்டும், அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பால், நெய், தயிர் எதுவும் தொடாதவர்கள் வந்தார்கள். அது எங்களுக்குப் பெரிய சிரமமில்லை. கேழ்வரகுக் களி, கீரை, பருப்பு, தேங்காய்ச் சட்னி என்று சமாளித்துவிடலாம். கோதுமை ஒத்துக்கொள்ளாத பெண் ஒருவர் வந்தபோது, இட்லியும் சோறும் சாப்பிடும் வீட்டில் இது ஒரு பிரச்சினையா என்று நாங்கள் அலட்சியமாக இருந்துவிட்டோம். மூன்றாம் நாள் அவர் சுருண்டு படுத்துவிட்டார். சப்பாத்தி, ரவை எதுவுமே அந்த வாரம் அடுப்பில் ஏறவில்லை. என்னவாக இருக்கும் என்று தேடித்தேடிக் கடைசியில் மகள் லீவுக்கு வந்தபோது பெருங்காய டப்பாவின் மேலிருந்த சிறிய எழுத்தைப் படித்தாள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கிறது. அது சாம்பாரிலும் ரசத்திலும் தினமும் போய்க்கொண்டிருந்தது. கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு அந்தச் சிட்டிகையே போதும். மலையில் இருக்கிற வீட்டுக்கு ஆள் வருவதற்கு முன்பே எது ஒத்துக்கொள்ளாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்வதை அன்றிலிருந்து ஒரு தடவையும் விட்டதில்லை.

மூத்த அக்கா கேட்டது

2018 ஜனவரி. மிளகும் காபியின் கடைசிச் சுற்றும் சேர்ந்து வந்த நேரம். வீட்டில் மூன்று தன்னார்வலர்கள் இருந்தார்கள். மூன்று பேர் இருக்கிறார்களே என்று, வழக்கமாக வரும் பெண்களில் இரண்டு பேரை ஆறு நாள் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அப்போது நாங்கள் கொடுத்த கூலி நாளுக்கு 300 ரூபாய். ஆக எனக்கு மிச்சம் 3,600 ரூபாய்.

ஏழாம் நாள் சாயங்காலம் பழம் நிறுத்து முடிந்ததும் மூத்த அக்கா போகாமல் நின்றார். "தம்பி, ஒண்ணு கேக்கணும். இவங்க சும்மாவே செஞ்சு குடுத்தா, எங்களுக்கு எதுக்குக் கூலி குடுக்கப் போறீங்க?"

கோபமே இல்லாத குரல். என்னிடம் பதில் இல்லை. அந்த இரண்டு பெண்களில் ஒருவர் மகளுடைய பிரசவத்துக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஆறு நாள் கூலியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாங்கவில்லை. "காசு வேணாம் தம்பி. வேலைக்குக் கூப்புடுங்க" என்றார்.

இந்த இடத்தை நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஐரோப்பாவில் ஒரு குடும்பம் தன் பண்ணையில் தன்னார்வலரை வைத்துக்கொள்ளும்போது, அந்த வேலைக்குக் கூலி ஆள் கிடைப்பதே அரிதாக இருக்கலாம். இங்கே நிலைமை வேறு. எங்கள் மலையில் காபியும் மிளகும் எடுக்கிற அந்த மூன்று நான்கு மாதம்தான் பல குடும்பங்களின் வருஷ வருமானம். விமானச் சீட்டுக்குக் காசு இருக்கிற ஒருவர், தெரிந்தோ தெரியாமலோ, காட்டுப்பாதையில் நடந்து வரும் ஒருவருடைய நாளை எடுத்துக்கொள்கிறார். எடுக்கக் கொடுத்தவன் நான். வந்தவர்களுக்கு இது தெரிந்தபோது, மூவரில் ஒருத்தி கூடையை அவிழ்த்து வைத்துவிட்டு மறுநாள் எடுக்க வரமாட்டேன் என்று சொன்னாள். அவள் செய்தது சரி.

கஜா

அந்த வருஷமே நிறுத்திவிடலாம் என்று நினைத்தோம். ஏற்கெனவே வரச்சொன்ன இரண்டு பேர் பாக்கி: ஸ்பெயின் நாட்டுப் பெண் ஒருவர், டென்மார்க்கிலிருந்து ஓர் இளைஞர். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், அன்றே எங்கள் மலையையும் அடித்தது. கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில், மலை மேல், அப்படி ஒரு காற்றை அம்மா தன் எழுபது வயதில் பார்த்ததில்லை. சில்வர் ஓக் உயரமாக வளரும், ஆனால் காற்றுக்கு முறியும். விடிந்து பார்த்தபோது தோட்டத்தில் பாதி மரம் காபிச் செடிகளின் மேல் கிடந்தது. மண் பாதையில் நூறு அடிக்கு ஒரு மரம். கரண்ட் இல்லை, பாறை மேட்டிலும் சிக்னல் இல்லை.

ஐந்து நாள் வெளியுலகத் தொடர்பே கிடையாது. எங்களுக்கு அரிசி இருந்தது, மாடு இருந்தது, ஊற்றுத் தண்ணீர் இருந்தது. ஆனால் அந்த இரண்டு பேருடைய பெற்றோர் தொலைக்காட்சியில் தமிழ்நாட்டுப் புயலைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்கு போன் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கடைசியில் ஒருவருடைய அம்மா தூதரகத்தைக் கூப்பிட்டார். அங்கிருந்து விசாரிப்பு மாவட்டத்துக்கு வந்தபோது, இவர்கள் எந்த ஊரில், யார் வீட்டில், என்றைக்கு வந்தார்கள் என்பது பதிவில் இருந்தது. காரணம், இந்தத் தடவை வந்த அன்றே சி படிவம் போட்டிருந்தோம். ஆறாம் நாள் மரம் வெட்டி வழி ஏற்படுத்திக்கொண்டு வந்தவர்கள் எங்களிடம் முதலில் கேட்டதே அந்த இரண்டு பேருடைய பெயரைத்தான். அதுவரை அந்தப் படிவம் எனக்குத் தொல்லையாகவே தெரிந்தது. காணாமல் போன பிள்ளையைத் தேடும் ஒரு தாய்க்கு நாங்கள் விட்டுவைத்திருந்த ஒரே தடயம் அதுதான் என்று அன்று புரிந்தது.

அந்த ஐந்து நாளும் அவர்கள் இருவரும் எங்களோடு சேர்ந்து கிளைகளை இழுத்தார்கள், மாட்டுக்குப் புல் அறுத்தார்கள், அம்மாவோடு உட்கார்ந்து இருட்டில் வெங்காயம் உரித்தார்கள். ஐந்து மணி நேரம் ஆகிவிட்டதா என்று யாரும் பார்க்கவில்லை. நான் யார் தட்டையும் பார்க்கவில்லை. மூத்த அக்கா வீட்டு ஓடு பறந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் அந்த இளைஞர் எங்களைக் கேட்காமலேயே தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அவருக்குக் கைவாளில் உள்ளங்கை கிழிந்தது. பாதை திறந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தையல் போட்டு டிடி ஊசி போட்டார்கள், செலவில்லை. அப்புறம் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டியபோது பயணக் காப்பீட்டில் கேட்டுப் பார்த்தார். உடல் உழைப்பின்போது ஏற்பட்ட காயம், அதற்குப் பொருந்தாது என்று பதில் வந்தது. பல பயணக் காப்பீடுகளில் இந்த விலக்கு இருக்கிறது. கை கிழிந்ததோடு போனது எங்கள் அதிர்ஷ்டம். இடுப்பு உடைந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் வராது.

என்ன மாற்றினோம்

முதல் மாற்றம் அந்த வரி. இந்தியாவின் இ-டூரிஸ்ட் விசாவில் அனுமதிக்கப்பட்டவை என்ற பட்டியலில் குறுகிய காலத் தன்னார்வப் பணியும் உண்டு. அதிகபட்சம் ஒரு மாதம், அதற்குப் பணமோ வேறு எந்த விதக் கைம்மாறோ இருக்கக்கூடாது என்று நிபந்தனை. 'எந்த விதக் கைம்மாறும்' என்பதைத் தம்பி எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினான். வேலைக்குப் பதிலாகச் சோறு என்று ஊரறிய எழுதிப்போடுவது அந்த நிபந்தனைக்கு நேர் எதிர். சட்டத்துக்கு மட்டுமில்லை, கஜா நாட்களில் நாங்கள் இருந்த இருப்புக்கும் அது எதிர். பழைய பக்கத்தை எடுத்துவிட்டோம். இப்போது எழுதியிருப்பது இதுதான்: "எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வாருங்கள். அதிகபட்சம் மூன்று வாரம். தோட்டத்தில் நாங்கள் செய்வதைக் கூட இருந்து பாருங்கள், விருப்பமிருந்தால் செய்யுங்கள். ஒரு நாள் படுத்தே இருந்தாலும் சாப்பாடு உண்டு." இப்படி எழுதிய பிறகு வருகிறவர்கள் முன்பைவிட அதிகம் வேலை செய்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

இரண்டாவது, கூலிப் பெண்களின் எண்ணிக்கையும் நாட்களும் செப்டம்பரிலேயே முடிவாகிவிடும். அதற்குப் பிறகுதான் விருந்தாளிகளுக்குப் பதில் எழுதுவோம். பழம் எடுப்பது, மிளகு பறிப்பது, களை வெட்டுவது எதுவும் அவர்களுக்கு இல்லை. கற்றுக்கொள்ள ஒரு காலை, ஒரு கூடை, அவ்வளவுதான். அந்தக் காலை நேரத்துக்கு மூத்த அக்கா வாத்தியார். எடை குறையுமே என்று அவர் கவலைப்படாதபடி, கற்றுக்கொடுக்கும் நாளில் முழுக் கூலியோடு 150 ரூபாய் சேர்த்துக் கொடுக்கிறோம்.

அப்படியானால் விருந்தாளிகளுக்கு என்ன வேலை? இங்கேதான் கஜா எங்களுக்கு வழி காட்டியது. நிழல் மரங்கள் விழுந்ததும் வெயில் நேராகக் காபித் தண்டில் பட்டது. வெள்ளைத் தண்டுத் துளைப்பானுக்கு அதுதான் கொண்டாட்டம். அந்த வண்டு வெயில் படும் தண்டிலும் பருத்த கிளையிலும் பட்டை வெடிப்பில் முட்டையிடும். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு கூட்டம் கிளம்பும், அக்டோபருக்கு மேல் இன்னொன்று. புழு உள்ளே போய்விட்டால் செடியைக் காப்பாற்ற முடியாது. பிடுங்கி எரிக்க வேண்டும். முட்டையிடும் காலத்துக்கு முன்பே தேங்காய் நாரால் தண்டைத் தேய்த்து, தொங்கும் பட்டையை எடுத்துவிட்டால் முட்டையிட இடம் குறையும். அழுத்தித் தேய்த்தால் பச்சைத் தோல் காயமாகும், ஆகவே பொறுமை வேண்டும். 6 ஏக்கருக்கும் இதைச் செய்ய எங்களால் ஒருநாளும் கூலி கொடுக்க முடிந்ததில்லை, அதனால் யாருடைய பிழைப்பும் இதில் போகவில்லை. ஆபத்தில்லாத வேலை. ஒரு வரிசையைத் தொடங்கி அன்றே முடித்துவிடலாம். ஒரு செடியைப் பிடித்து, தண்டில் மேடு தட்டுகிறதா, இலை மஞ்சளாகிறதா என்று பார்க்கக் கற்றுக்கொண்டவர் மூன்று வாரத்தில் என்னைவிடக் கூர்மையாகப் பார்க்கிறார்.

வாழையும் அப்படித்தான். விருப்பாட்சிக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது; பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் பழம் அது. முடிக்கொத்து நோய் கீழ்ப்பழனி மலையில் அந்த வாழையை ஒரு காலத்தில் துடைத்துப் போட்டது. அசுவினி பரப்பும் வைரஸ் நோய், மருந்து கிடையாது. இலையின் அடியில் விட்டு விட்டுக் கரும்பச்சைக் கோடு தெரிந்தவுடன் அந்தக் கட்டையையே கிழங்கோடு எடுத்துவிட வேண்டும். வாரம் ஒரு தடவை ஒவ்வொரு வாழையாக இலையைத் திருப்பிப் பார்க்க எங்களுக்கு நேரம் இருந்ததில்லை. இப்போது விருந்தாளிகள் பார்த்து, சந்தேகப்பட்ட மரத்தில் துணி கட்டி வைக்கிறார்கள். மற்ற நேரத்தில் நாற்றுப் பை நிரப்புவது, களத்தில் காயும் காபியில் உடைந்ததைப் பொறுக்குவது.

விருந்தாளிகளுக்கு மிளகு ஏணி கிடையாது. ஒற்றை மூங்கிலில் கால் வைத்து முப்பது அடி ஏறுவது எங்கள் ஆட்களுக்கே உயிரைப் பணயம் வைப்பது. மரம் அறுக்கும் இயந்திரமும் மருந்தடிப்பும் கிடையாது. காபிச் செடிக்குள் கை விடுமுன் குச்சியால் தட்டச் சொல்வோம், பச்சை நிறத்தில் இலையோடு இலையாகக் குழிவிரியன் சுருண்டிருக்கும். நம் மருத்துவமனைகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குமானது. குழிவிரியனுக்கு அதில் மருந்து இல்லை. கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், அசையாமல் வைத்து உடனே மருத்துவமனைக்கு இறக்க வேண்டும் என்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அறைக் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

வருவதற்கு முன் ஒரு நீண்ட கடிதம் அனுப்புகிறோம். அட்டை, காட்டெருமை, சிக்னல் இல்லாமை எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லிவிடுகிறோம். உடல் உழைப்புக்கும் பொருந்துகிற காப்பீடு, ஒத்துக்கொள்ளாத உணவு, அவர்கள் வீட்டில் இரண்டு பேருடைய தொடர்பு எண் ஆகிய மூன்றும் வந்தால்தான் தேதி தருவோம். கொடைக்கானல் பக்கம் என்றதும் போதைக் காளான் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் அதையும் வெளிப்படையாக எழுதுகிறோம். தன் இடத்தில் அதைத் தெரிந்தே அனுமதித்தால் இடத்துக்குச் சொந்தக்காரரும் போதைப்பொருள் சட்டப்படி குற்றவாளி. தனியாக வரும் பெண்களை வத்தலகுண்டு பஸ் நிலையத்துக்கே போய் என் மனைவியும் நானும் அழைத்து வருகிறோம். ஒரு தடவை பைக்கில் இரண்டு பேர் ஒரு பெண்ணை மலைப்பாதை நெடுக பஸ்ஸுக்குப் பின்னாலேயே தொடர்ந்து வந்திருக்கிறார்கள்.

அடுப்படிக்கு, விருந்தாளி இருக்கும் நாட்களில் பாத்திரத்துக்கும் அறை வேலைக்கும் ஊரிலிருந்து ஒரு பெண் கூலிக்கு வருகிறார். புதன்கிழமை ராத்திரி சமையல் விருந்தாளிகளுடையது, அன்று என் மனைவி அடுப்படிப் பக்கமே போவதில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் இல்லை. யார் வரலாம் என்பதை முடிவு செய்வது என் மனைவிதான்.

கணக்குப் பார்த்தால்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஒரு ஜெர்மன் மாணவர் எங்களிடம் மாட்டிக்கொண்டார். வெளிநாட்டுக்காரனால் நோய் வரும் என்று ஊரில் பயம். அவரை யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள் வைத்திருந்து, அவர் நாட்டு அரசு ஏற்பாடு செய்த விமானத்துக்குப் பாஸ் வாங்கி அனுப்பினோம். பயந்த ஊரைச் சமாதானப்படுத்தியவர் மூத்த அக்கா. அப்புறம் இரண்டரை வருஷம் யாரும் வரவில்லை.

பணமாகப் பார்த்தால் இதில் எங்களுக்கு நஷ்டம்தான். உதவிக்கு வரும் பெண்ணின் கூலி, அரிசி, ஜீப், வாத்தியார் படி என்று ஒருவருக்கு மூன்று வாரத்துக்கு ஆகும் செலவை, அவர் செய்யும் வேலையின் விலை ஈடு செய்யாது. ஆள் பற்றாக்குறைக்குத் தீர்வு தேடுகிறவர்கள் இந்த வழிக்கு வரவே வேண்டாம். எங்கள் ஆள் பற்றாக்குறை கொஞ்சம் குறைந்தது வேறு காரணத்தால்: கூலியை உயர்த்தினோம், நாட்களை முன்கூட்டியே உறுதி செய்தோம், பழைய ஏழெட்டுப் பேரில் யாரும் விட்டுப் போகவில்லை.

ஆனால் தண்டுத் துளைப்பானுக்குப் பறிகொடுக்கும் செடி ஒவ்வொரு வருஷமும் குறைந்துகொண்டு வருகிறது. புயலில் போன நிழலுக்குப் பதிலாக நட்ட பலாவும் முள்முருங்கையும் அத்தியும் விருந்தாளிகள் பை நிரப்பி வளர்த்த நாற்றுகள். எந்தக் கன்று யார் நட்டது என்று அம்மாவுக்கு மனப்பாடம். காலையில் அந்தப் பக்கம் போகும்போது நாட்டுப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். ஸ்பெயின் பலாவில் போன வருஷம் முதல் பிஞ்சு விட்டது.

இந்த டிசம்பருக்கு மூன்று கடிதங்கள் வந்தன. மனைவி ஒன்றுக்கு மட்டும் சரி சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கும் கோதுமை ஒத்துக்கொள்ளாதாம். பெருங்காயம் இல்லாமல் பூண்டும் சீரகமும் தட்டிப் போட்டு ரசம் வைத்துப் பார்த்தோம், நன்றாகவே இருந்தது.